சிங்கக்காரியின் பல்லிடுக்கு

பல் டாக்டர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு பெண் குப்புறக் கிடந்தாள். கையில் சாட்டை, தலையில் இறகுத் தொப்பி, காலடியில் கொட்டாவி விடும் சிங்கம். ஆனால் இவையெல்லாம் கண்ணாடியில் தீட்டிய படம், தெரிவது அந்தப் பக்கம். டாக்டர் நெற்றியில் பூதக்கண்ணாடியைக் கட்டிக்கொண்டு குனிந்திருந்த இந்தப் பக்கம், பழைய சாயத்தின் முதுகுதான் தெரிந்தது. அது செதில் செதிலாக வெடித்து, மூச்சு பட்டாலும் உதிர்ந்துவிடுவேன் என்று மிரட்டிக்கொண்டிருந்தது. அவள் வந்த நாள்முதல் வீட்டார் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டார்கள். சோபாவின் உறை அதற்கான விலையைக் கொடுத்துவிட்டது.

மாமனாரின் விளையாட்டுக் கூடத்தில் வாசலுக்கு நேரே நின்ற பின்பால் இயந்திரத்தின் முகம் அவள். சாய்ந்த மேசைக்குள் இரும்புக் குண்டு ஓடும். கீழே இரண்டு ஃபிளிப்பர்கள் அதைத் திருப்பி அடிக்கும். தலைமாட்டில் நிமிர்ந்து நிற்கும் பெட்டியின் முகப்பில் இந்தக் கண்ணாடி. பெட்டிக்குள் பல்புகள் எரிந்தால் அவளுக்கு உயிர் வரும். கம்பெனி அவளுக்கு என்ன பெயர் வைத்ததோ, கூடத்துக்கு வந்தவர்கள் சிங்கக்காரி என்றார்கள், அதுவே நின்றுவிட்டது.

மாமனாரின் முழங்கால்கள் ஒத்துழைக்க மறுத்தபோது அவர் கூடத்தை மூடினார். மற்ற சாமான்களைக் கேட்டவர்களுக்குக் கொடுத்தார். இதை மட்டும் கொடுக்க மனம் வராமல், இரண்டு மாப்பிள்ளைகளையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். மூத்தவர் பல் டாக்டர். இளையவர் சலூன் வைத்திருந்தார். இருவருக்கும் இயந்திரத்தின்மேல் ஆசை. முடிவெட்டக் காத்திருப்பவர்கள் ஆடட்டும் என்பது சலூன்காரரின் திட்டம். டாக்டரின் திட்டம் உயர்ந்தது: கிளினிக்கின் வரவேற்பறை மூலையில், சுற்றிலும் கயிறு கட்டி, மேலே ஒரு சிறு விளக்குப் போட்டு, யாரும் தொடாமல் வைப்பது.

மாமனார் வழக்கை ஒரே மூச்சில் தீர்த்தார். "உள்ள ஒரு குறையும் இல்ல. வயரு, மணி, பல்பு எல்லாம் நான் பாத்துப் பாத்து வெச்சது. அதுல யாரும் கை வைக்கவேணாம். முகம்தான் போயிடுச்சு. பெரிய மாப்ள, நீங்கதான் பூச்சு வேலையில கெட்டிக்காரர்னு சொல்லிக்கறீங்க. என் கூடத்துல நின்ன மாதிரி நிக்க வைங்க. நான் வந்து பாப்பேன். ஒரு குறை சொல்ல முடியலைன்னா உங்களுக்கு. சொல்லிட்டேன்னா சின்ன மாப்ள எடுத்துக்கட்டும்."

டாக்டருக்கு இயந்திரம் வேண்டும். அதைவிட மாமனாரின் வாயால் ஒரு பாராட்டு வேண்டும். அந்த வாய்க்குள் இதுவரை அவருடைய கருவி எதுவும் போனதில்லை. மாமனார் தம்முடைய பல்செட்டை ஊரின் மறுகோடியில் இருந்த வேறொரு டாக்டரிடம் கட்டிக்கொண்டார். காரணம் கேட்டதற்கு, சொந்தக்காரரிடம் வாயைக் கொடுத்தால் குறை சொல்ல முடியாது, குறை சொல்லாமல் தமக்கு வாழத் தெரியாது என்றார். இரண்டு பேருந்து மாறிப் போய்க் கட்டிய அந்தப் பற்களால்தான் அவர் மருமகன் வீட்டில் வந்து சிரித்துக்கொண்டிருந்தார். ஆகவே சிங்கக்காரி டாக்டருக்குக் கண்ணாடி மட்டும் அல்லள். மாமனார் அவரை நம்பி ஒப்படைத்த முதல் வாய்.

கால்களிலிருந்து தொடங்கினார். துருவேறிய கால்களைக் கழற்றி முலாம் பூசக் கொடுத்தார். பூசி வந்த பளபளப்பு போதாதென்று, பல்லுக்கு மெருகேற்றும் ரப்பர்க் கிண்ணத்தைச் சுழலவிட்டு மீண்டும் தேய்த்தார். மரப்பெட்டியின் பக்கவாட்டில் சிகரெட் சுட்ட குழிகளைச் சொத்தையைச் சுரண்டுவதுபோல் சுரண்டி, அடைத்து, சமப்படுத்தி, அட்டையில் நட்சத்திரம் வெட்டி வைத்து அதன்மேல் சாயம் தெளித்தார். குண்டு மோதித் தெறிக்கும் பம்பர்களின் மஞ்சளேறிய தொப்பிகளை வெளுக்க வைத்தார். விரிசல் விட்ட பிளாஸ்டிக் தகடுகளைப் பல் அடைக்கும் பிசினால் ஒட்டி, நீல விளக்கைக் காட்டி இறுக்கினார். குண்டு உருண்டு உருண்டு மரம் தெரிந்த இடங்களில் சாயத்தை ஒற்றி ஒற்றிப் பூசி, எது பழையது எது புதியது என்று தமக்கே தெரியாதவரை ஓயவில்லை. சிவப்பில் இரண்டு சாயல்களுக்கிடையே முடிவெடுக்க முடியாமல் ஒருநாள் கிளினிக்கில் ஒரு நோயாளியிடமே கருத்துக் கேட்டார். வாயில் பஞ்சும் உறிஞ்சு குழாயுமாக இருந்த அந்த மனிதர் வலியில் தலையை ஆட்டியதை ஆமோதிப்பாக எடுத்துக்கொண்டு, அடர்ந்த சிவப்பைத் தேர்ந்தார்.

பிறகு கண்ணாடி. பின்னாலிருந்து தீட்டுவது தலைகீழ் வேலை. முன்னால் தெரியவேண்டியதை முதலில் தீட்டவேண்டும். கண்மணிக்குப் பிறகுதான் கண்ணின் வெள்ளை. பொத்தானுக்குப் பிறகுதான் சட்டை. பிழை செய்தால் மேலே பூசி மறைக்க வழியில்லை, ஏனென்றால் மேல் என்பது அடியில் இருக்கிறது. வேறொருவர் என்றால் தலை சுற்றியிருக்கும். வாழ்நாள் முழுவதும் சின்னக் கண்ணாடியில் இடவலம் மாறிய பற்களைப் பார்த்தே வேலை செய்த டாக்டருக்கு இது தாய்வீடு. தொப்பி முடிந்தது, சாட்டை முடிந்தது, சிங்கத்தின் பிடரி முடிந்தது. வாய்க்கு வந்தார்.

சிங்கக்காரியின் மேல்வரிசையில் இரண்டு முன்பற்களுக்கும் நடுவே ஓர் இடுக்கு இருந்தது. அரிசியின் அகலம், சாயமே இல்லாத வெறும் கண்ணாடி. டாக்டர் பூதக்கண்ணாடியைச் சரிசெய்து இன்னும் குனிந்தார். அழகிக்கு இப்படி ஓர் அவலமா?

கவனிக்கவேண்டியவற்றை அவர் கவனிக்காமல் இல்லை. மற்ற இடங்களில் சாயம் பிய்ந்த விளிம்பு தாறுமாறாக இருக்க, இந்த இடுக்கின் விளிம்பு மட்டும் கீறியதுபோல் நேராக இருந்தது. பெட்டிக்குள் அந்த வாய்க்கு நேர் பின்னே தனியாக ஒரு பல்பு, ஒட்டுப்போட்ட வயரில் தொங்கியது. அது இருந்திருக்கவேண்டிய இடம் பெட்டியின் ஓரம். அங்கே கண்ணாடியில் பொடி எழுத்தில் ஏதோ அறிவிப்பு இருந்தது, அதன் பின்னே பல்பு இல்லை. இவ்வளவையும் பார்த்த டாக்டர், எவனோ சோம்பேறி மெக்கானிக் பல்பைத் தப்பான இடத்தில் மாட்டி, அதன் சூட்டில் சாயம் உதிர்ந்தது என்று முடிவு கட்டினார். புத்திசாலிகளுக்கு விடை தெரியாத நிலை வருவதில்லை. தப்பான விடை கையிருப்பில் எப்போதும் இருக்கும்.

என்றாலும் அவர் பொறுப்பானவர். சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளாமல் பல்லில் கைவைக்க மாட்டார். பழைய விளையாட்டு இயந்திரங்களைச் சேகரிப்பவர்களின் கைபேசிக் குழு ஒன்றில் அவர் இருந்தார். அதன் தலைவர் ஓய்வுபெற்ற தணிக்கையாளர். அவரிடம் இருந்த இயந்திரங்கள் எல்லாம் போர்வைக்குள் இருந்தன. அவை ஓடுமா என்று அவரிடம் கேட்பது, அருங்காட்சியகத்து வாளிடம் காய் நறுக்குமா என்று கேட்பதற்குச் சமம். டாக்டர் வாயின் படத்தை அங்கே அனுப்பி, இந்த இடுக்கு அசலா, சேதமா என்று விசாரித்தார். குழு இரண்டாகப் பிளந்தது. கடல் கடந்த உறுப்பினர்கள்வரை கருத்துச் சொன்னார்கள். ஒருவர் கோபித்துக்கொண்டு வெளியேறி, மறுநாள் திரும்பி வந்தார். கடைசியில் தணிக்கையாளர் கம்பெனியின் பழைய விளம்பரப் படம் ஒன்றைத் தேடி எடுத்துப் போட்டார். அதில் சிங்கக்காரியின் பற்கள் இடைவெளியின்றிச் சேர்ந்திருந்தன. தீர்ப்பு: சேதம். சீர்செய்க.

டாக்டர் சீர்செய்தார். பல்லின் நிறம் பார்க்கும் மாதிரிச் சீட்டை வைத்து, அவளுடைய வெளிறிய மஞ்சளுக்கு ஒத்த வெண்மையைக் கலந்தார். மயிரிழைத் தூரிகையால் இடுக்கை நிரப்பினார். பின்னாலிருக்கும் அந்த அசட்டு பல்பின் வெளிச்சம் ஊடுருவி அசிங்கம் செய்யாதிருக்க, அதன்மேல் ஒளி புகாத வெள்ளிச் சாயமும் பூசினார். கண்ணாடியைத் திருப்பிப் பார்த்தபோது அவர் கண்கள் பனித்தன. நோயாளிகளின் வாயில் எச்சில் உண்டு, நாக்கு உண்டு, புகார் உண்டு. இது எதுவும் இல்லாத ஒரு வாயில் அவர் செய்த முதல் பல். ஆகையால் அப்பழுக்கற்ற பல்.

அவர் மனைவி வேலை முடிந்து வந்து, வழக்கம்போலத் தட்டோடு சோபாவுக்குப் போகும் வழியில் நின்றாள். அவளுக்கு ரயில் நிலையத்தில் விசாரணை ஜன்னலில் வேலை. நாள் முழுவதும் கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்வாள். எந்த நடைமேடை என்று கேட்டால் நடைமேடையைச் சொல்வாள். அந்த ரயில் ரத்தாகிவிட்டது என்பதை, அதையும் கேட்டால்தான் சொல்வாள் என்று சக ஊழியர்கள் கேலி செய்வதுண்டு. அவளும் அவள் தங்கையும் பள்ளி விட்டதும் அப்பாவின் கூடத்துக்குப் போய், இதே இயந்திரத்தின் சாய்ந்த மேசையை மூடிய மேல்கண்ணாடியில் நோட்டை விரித்து வீட்டுப்பாடம் எழுதி வளர்ந்தவர்கள். டாக்டரோ, கல்யாணம் முடிந்த புதிதில் ஒருமுறை அந்தக் கூடத்துக்குள் எட்டிப் பார்த்து, இரைச்சல் தாங்காமல் காதைப் பொத்திக்கொண்டு திரும்பியவர்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். மனைவிக்கும் முன்பற்களுக்கு நடுவே ஓர் இடுக்கு உண்டு. டாக்டர் அதை முதல் சந்திப்பிலேயே கண்டுபிடித்து, மரியாதை கருதிக் கல்யாணம்வரை பொறுத்திருந்தார். அதன்பின் பொறுக்கவில்லை. ஒருமுறை பல் சுத்தம் செய்துகொள்ளப் போனவளுக்கு, கேட்காமலே வாய்க்குள் களிம்பை அமுக்கி, இடுக்கை மூட அச்சே எடுத்துவிட்டார். அந்த அச்சு கிளினிக் அலமாரியில், அவள் இன்னும் கையெழுத்துப் போடாத மனுவைப்போலக் காத்துக் கிடந்தது.

"இவளுக்கு மூடிட்டீங்களா?" என்றாள் மனைவி.

"சாயம் உதிர்ந்திருந்துச்சு. சரி பண்ணிட்டேன்."

"கேட்டீங்களா?"

"கண்ணாடிகிட்ட என்னத்தக் கேக்கறது?"

"அதுவும் சரிதான். வாய் இருக்கற என்கிட்டயே கேக்கல."

டாக்டருக்கு இது அச்சு விவகாரம் என்று பட்டது. பழைய வழக்கு, பேசினால் வளரும். அவர் தூரிகையைக் கழுவப் போனார். மனைவி சற்று நேரம் நின்று, சிங்கக்காரியைப் பார்த்து, கணவரின் முதுகைப் பார்த்து, தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவர் திரும்பி ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

மாமனார் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார். கூடவே சலூன்காரரும் மனைவியின் தங்கையும். சலூன்காரர் தெருவில் ஒரு சின்ன லாரியை நிறுத்திவிட்டு வந்திருந்தார். அந்தப் பக்கமாக வேறு வேலை இருந்ததென்று, யாரும் கேட்பதற்கு முன்னரே விளக்கினார்.

மாமனார் கைவிளக்கை எடுத்துக்கொண்டு மண்டியிட முயன்று, முழங்கால் மறுக்கவே, சின்ன மாப்பிள்ளையை மண்டியிடச் சொல்லி அவர் தோளில் கையூன்றிக் குனிந்தார். கால்களைத் தட்டிப் பார்த்தார். நட்சத்திரங்களை நகத்தால் கீறிப் பார்த்தார். சிகரெட் குழிகள் எங்கே போயின என்று தடவித் தேடி, ஒன்றும் அகப்படாமல், இதில் ஒரு குழி தாம் போட்டதுதான் என்று சற்று வருத்தத்தோடு சொன்னார். டாக்டர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். பரீட்சைக் காகிதத்தை ஆசிரியர் திருத்தும்போது பக்கத்தில் நிற்கும் முதல் மாணவனின் முகம் அது.

பெட்டியில் மாட்டிய கண்ணாடிக்குப் பின்னே பல்புகள் எரிந்தன. சிங்கக்காரி எழுந்தாள். தங்கை தன்னையறியாமல் கைதட்டினாள். மாமனார் அவளை வெகுநேரம் பார்த்தார். தலையை இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார்.

"என்னமோ ஒண்ணு," என்றார். "வயசு குறைஞ்ச மாதிரி இருக்கா. அதைக் குறைன்னு சொல்ல முடியாது." பிறகு, பல்லைப் பிடுங்குவதுபோலத் தம் வாயிலிருந்தே அந்தச் சொற்களைப் பிடுங்கினார்: "நல்லாத்தான் பண்ணியிருக்கீங்க மாப்ள."

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். மாமனாரோ, கை வைத்துப் பார்க்காமல் எப்படி, ஓர் ஆட்டம் ஆடுங்கள் என்றார்.

அப்போதுதான் எல்லாருக்கும் ஓர் உண்மை தெரியவந்தது. டாக்டர் இதுவரை ஓர் ஆட்டம்கூட ஆடியதில்லை. ஊசி பிடிப்பதுபோல் இரண்டு விரலால், குண்டை மேலே செலுத்தும் கம்பியை இழுத்துவிட்டார். குண்டு மேலே போய், பம்பர்களுக்கு நடுவே நாகரிகமாக இறங்கி, இரண்டு ஃபிளிப்பர்களுக்கும் இடையே நேராக உள்ளே போய்விட்டது. டாக்டர் இன்னும் ஃபிளிப்பரை அசைக்கும் பொத்தானைத் தேடிக்கொண்டிருந்தார்.

"தள்ளுங்க அண்ணே," என்றார் சலூன்காரர். இடுப்பை லேசாக வளைத்து, இயந்திரத்தோடு ஏதோ ரகசியம் பேசுவதுபோல் நின்று ஆடினார். குண்டு எகிறியது, மணிகள் அடித்தன, எண்கள் உருண்டன. மாமனார் நாற்காலி நுனிக்கு வந்தார். கடைசியில் குண்டு மேல்வரிசை ஓட்டைகளை ஒவ்வொன்றாகத் தொட்டு முடிக்க, பெட்டிக்குள் மரத்தில் சுத்தி அடித்ததுபோல் ‘டொக்’ என்று ஒரு சத்தம் கேட்டது.

மாமனார், மனைவி, தங்கை, சலூன்காரர் எல்லாரும் ஒரே நேரத்தில் சிங்கக்காரியின் வாயைப் பார்த்தார்கள். டாக்டரும், ஏனென்று தெரியாமலே, பார்த்தார். தாம் செய்த பல் அங்கே சலனமின்றி வெண்மையாக இருந்தது.

"சிரிக்கலையே," என்றார் மாமனார்.

"யாரு மாமா?"

"அவ வாயில என்ன பண்ணீங்க?"

"இடுக்கு இருந்துச்சு மாமா. அடைச்சுட்டேன்," என்றார் டாக்டர், இன்னொரு பாராட்டை எதிர்பார்த்து.

மாமனார் பேசத் தொடங்கியபோது குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. ஆடுபவருக்கு இன்னொரு குண்டு இலவசமாகக் கிடைத்தால் ‘டொக்’ என்று அடிக்கும், கூடத்து இரைச்சலில் அது கேட்காது; அதை அறிவிக்கக் கண்ணாடி ஓரத்தில் பொடி எழுத்தும் இருந்ததாம். எறும்புதான் அதைப் படிக்கும். குண்டு கிடைத்தது, கிடைக்கவில்லை என்று நாள் தவறாமல் கூடத்தில் சண்டை. ஒருவன் சட்டையை ஒருவன் கிழித்தது வரைக்கும் போனது. ஒருநாள் மூத்த மகள், முன்பல் முளைத்த புதிது, கவுன்டரில் உட்கார்ந்து எதற்கோ சிரித்தாள். பின்னால் இருந்த ஜன்னல் வெயில் அவள் பல்லிடுக்கில் பளிச்சிட்டதாக அவருக்குத் தோன்றியது. அன்று மாலையே கண்ணாடியை இறக்கி, சிங்கக்காரியின் பற்களுக்கு நடுவே கத்தி முனையால் ஒரு கீறல். ஓரத்துப் பல்பைக் கழற்றி வாய்க்குப் பின்னால் மாட்டினார். அதன்பிறகு இலவசக் குண்டு விழுந்தால் இடுக்கு பளிச்சென்று எரியும். கூடமே ‘சிரிச்சுட்டா’ என்று கத்தும். சண்டை ஒழிந்தது.

டாக்டர் கைபேசியை எடுத்தார். ஆதாரத்தை நொடியில் தேடிப் பிடித்தார். "கம்பெனி படம் மாமா. இதுல இடுக்கு இல்ல. இதுதான் ஒரிஜினல்."

"கம்பெனியில போய் யாரு ஆடுனா? என் கூடத்துல நின்ன மாதிரின்னுதானே சொன்னேன்?"

டாக்டர் மனைவி பக்கம் திரும்பினார். "உனக்கு இது தெரியுமா?"

"தெரியுமே."

"நான் அடைச்சப்ப பாத்துக்கிட்டுத்தானே நின்னே? ஏன் சொல்லல?"

"நீங்க எங்க என்கிட்ட கேட்டீங்க? குழுவுல கேட்டீங்க. எங்கெங்கேயோ இருக்கறவங்க எல்லாம் பதில் சொன்னாங்க. நான் இந்த சோபாவுல உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன்."

இதற்குப் பதில் எந்தக் குழுவிலும் இருக்காது என்பது டாக்டருக்கே தெரிந்தது.

மாமனார் கல்நெஞ்சர் அல்லர். அவ்வளவு வேலையையும் ஓர் அரிசி அகலத்துக்காகத் தள்ளிவிட அவருக்கும் மனமில்லை. ஒரு சமாதானம் சொன்னார்: இப்பொழுதே, தம் கண்முன்னால், அடைத்ததைச் சுரண்டி எடுக்கட்டும்; இயந்திரம் அவருக்கே. சலூன்காரர் வாசல் பக்கம் பார்த்தார், லாரியை நினைத்திருக்கலாம்.

கண்ணாடி மறுபடி மேசையில் குப்புறக் கிடந்தது. டாக்டர் கூர்முனைக் கருவியை எடுத்தார். ஒவ்வொரு நாளும் எத்தனையோ பேருடைய பல்லை, கதறக் கதற, கை நடுங்காமல் எடுத்தவர் அவர். கருவியின் முனை வெள்ளிச் சாயத்தைத் தொட்டது. அங்கேயே நின்றது. சற்று விலகியது. மறுபடி தொட்டது.

"என்ன மாப்ள?"

"சொத்தை இல்லாத பல்லு மாமா," என்றார் டாக்டர். "ஒரு காரணமும் இல்லாம எப்படி எடுக்கறது?"

சலூன்காரர் சிரிப்பை இருமலாக மாற்றினார். தம்மிடம் ஒரு பிளேடு இருக்கிறது, ஒரே இழுப்பு என்றார். மாமனார் பெருமூச்சு விட்டு, "அப்ப நீங்களே எடுத்துட்டுப் போங்க சின்ன மாப்ள," என்று சொல்லி எழுந்திருக்கப் பார்த்தார்.

"உக்காருங்கப்பா," என்றாள் மூத்த மகள்.

அவர் உட்கார்ந்தார்.

"இது யாருக்குன்னு மாப்பிள்ளைங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டுக் கேட்டீங்க. எங்க ரெண்டு பேரையும் கேட்டீங்களா?"

"உங்களுக்கு எதுக்கும்மா இது," என்று தொடங்கிய மாமனார், அந்த வாக்கியம் எங்கே போய் முடியும் என்று தெரிந்ததும் நடுவிலேயே இறங்கிக்கொண்டார்.

"கூடத்துல பெரிய ஸ்கோர் யாரோடதுப்பா?"

மாமனார் தம் கைவிளக்கை அணைத்தார். அது ஏற்கெனவே அணைந்துதான் இருந்தது. "உன்னோடது."

"ரெண்டாவது என்னோடது," என்றாள் தங்கை.

சலூன்காரரின் முகம் விழுந்தது. "ரெண்டாவது நீங்கதான்னு என்கிட்ட சொன்னியே?"

"அது கல்யாணத்துக்கு முன்னாடி சொன்னது."

மனைவி கணவர் கையிலிருந்து கருவியை வாங்கினாள். அவர் விரல்கள் அதை விடத் தயங்கின, பிறகு விட்டன. அவள் பூதக்கண்ணாடி கேட்கவில்லை, அளவு பார்க்கவில்லை. சாயத்தின் முதுகில் ஒரே கீறல். வெள்ளியும் வெண்மையும் சுருண்டு பொடியாக வந்தன. வாயால் ஊதினாள். டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். மயக்க மருந்து இல்லாத சிகிச்சையை அவரால் பார்க்க முடியாது.

இயந்திரம் மகள்கள் இருவருக்கும் என்று மாமனார் சொன்னார். சொல்லாமல் இருக்கும் வாய்ப்பு அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. லாரி காலியாகத் திரும்பியது. இரண்டு சகலைகளும் அன்றுதான் முதன்முறையாக ஒருவரையொருவர் அனுதாபத்தோடு பார்த்துக்கொண்டார்கள்.

இயந்திரத்துக்குச் சாப்பாட்டு அறையில்தான் இடம் கிடைத்தது. மேசை மாடிக்குப் போய்விட்டது. ஞாயிறுகளில் தங்கை வந்துவிடுகிறாள். அக்காவும் தங்கையும் மாற்றி மாற்றி ஆடுகிறார்கள். ஒருத்தி ஆடும்போது மற்றவள் குறை சொல்கிறாள். மாமனார் நாற்காலியில் உட்கார்ந்து இருவருக்கும் குறை சொல்கிறார். கணவர்கள் சோபாவில், மடியில் தட்டோடு, முறை வருமென்று காத்திருக்கிறார்கள். மேல்கண்ணாடியில் காபி டம்ளரின் வட்டங்கள் விழுகின்றன. அவற்றைத் துடைக்கும் உரிமை மட்டும் டாக்டருக்கு வழங்கப்பட்டிருக்கிறது. அதுவும் ஆட்டம் முடிந்த பிறகு.

தணிக்கையாளர் விடவில்லை. சீர்செய்த கண்ணாடியின் படத்தை ஏன் இன்னும் அனுப்பவில்லை என்று குழுவில் எல்லார் முன்னிலையிலும் கேட்டார். டாக்டர் பொய் சொல்லத் தெரியாதவர். இடுக்கு எரியும் படத்தையே அனுப்பினார். துக்க விசாரிப்புகள் குவிந்தன. இவ்வளவு நல்ல வேலையைச் சேதப்படுத்தியது யார் என்று தணிக்கையாளர் கேட்டார். டாக்டர் நீளமாக ஒரு விளக்கம் எழுதினார். அதில் கத்தி முனை வந்தது, வெயில் வந்தது, கவுன்டரில் உட்கார்ந்திருந்த சிறுமி வந்தாள். படித்துப் பார்த்துவிட்டு முழுவதையும் அழித்தார். உரிமையாளர் என்று மட்டும் எழுதி அனுப்பினார்.

போன ஞாயிறு அவருக்கு முறை வந்தது. கம்பியை இழுத்துவிட்டார். இம்முறை பொத்தான்கள் எங்கே என்று தெரிந்திருந்தது. குண்டு இரண்டு தடவை மேலே போய் வந்தது. அதற்குள் அவர் கண் குண்டை விட்டு மேலே ஏறிவிட்டது. அந்தக் கீறல் நேராக இல்லை. கீழே வரவர இடப்பக்கம் மயிரிழை சாய்ந்திருந்தது. இரண்டு நிமிட வேலை. அவர் வலக்கை பொத்தானை விட்டு, கருவி இருந்த சட்டைப்பைக்குத் தானாகவே போயிற்று.

குண்டு உள்ளே விழுந்தது.

"கோணலா இருக்குல்ல?" என்றாள் பக்கத்தில் நின்ற மனைவி.

"லேசா."

அவர் கை இன்னும் பையில்தான் இருந்தது. அவள் அந்தக் கையைப் பார்த்தாள்.

"சரி பண்ணட்டுமா?" என்று கேட்டார் டாக்டர்.

மனைவி தன்னுடைய பல்லிடுக்கு முழுவதும் தெரியச் சிரித்தாள். "வேணாம்," என்றாள். "தள்ளுங்க, என் முறை."

அவர் கையை வெறுமையாக வெளியே எடுத்து, தள்ளி நின்றார்.